முதல் செமஸ்டரில் எந்தப் படியில் கால் வைப்பது? ஏ.பி. கிரெடிட்டின் கதை



மே மாதம் எழுதிய ஏ.பி. தேர்வுகளின் மதிப்பெண் ஜூலையில் வரும். அதே நாட்களில்தான் கல்லூரிகள் புது மாணவரை ஓரியண்டேஷனுக்கு அழைத்து, முதல் செமஸ்டர் பாடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அப்போது ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில் நம் சபையில் ஒரே பேச்சுதான்: "உங்க பையனுக்கு எத்தனை கிரெடிட் கிடைச்சுது?" "எங்க பொண்ணு ஒரு வருஷத்தையே தாண்டிட்டா!"

இந்தப் பேச்சில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. பெற்றோரில் அநேகர் பதினொன்றாம் வகுப்பிலேயே 'முதல் குரூப்', 'இரண்டாம் குரூப்' என்று பிரிக்கப்பட்டவர்கள். அதற்கு முந்தியவர்கள் பி.யு.சி. படித்தவர்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ கலையோ வர்த்தகமோ என்று ஒரு பிரிவுக்குள் போனவர்கள். கல்லூரியில் எந்தப் பாடம் என்று பெரும்பாலும் யாரும் அவர்களைக் கேட்டதில்லை. பாடத்திட்டம் முன்பே அச்சாகியிருந்தது. பிள்ளைகளோ நூற்றுக்கணக்கான பாடங்கள் உள்ள ஒரு பட்டியலின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தேர்வுச் சுதந்திரமும் ஏ.பி. என்ற ஏற்பாடும் எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன என்று தெரிந்தால், அந்தப் பட்டியலைப் படிப்பது இருவருக்கும் எளிதாகும். ஆகவே இந்த இதழில் அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாத காலம்

1636-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஹார்வர்ட் கல்லூரி தொடங்கப்பட்டது. கற்றறிந்த போதகர்கள் இல்லாமல் தங்கள் சபைகள் போய்விடக் கூடாதே என்ற கவலை அதன் பின்னால் இருந்த முக்கியமான காரணம். லத்தீன், கிரேக்கம், எபிரெயம், தர்க்கம் எல்லாம் எல்லாருக்கும் பொது. ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே பாடத்தை ஒப்பித்தார்கள். சுமார் இருநூறு ஆண்டுகள் அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தன. 1828-இல் யேல் கல்லூரி ஆசிரியர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை இந்த முறையை ஆதரித்தே எழுதப்பட்டது. கல்லூரியின் முதல் வேலை மனதைப் பழக்குவது, அதற்குப் பழைய மொழிகளும் கணிதமுமே ஏற்றவை, இளம் மாணவனின் விருப்பத்துக்கு அதை விட்டுவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

இந்த நியூ இங்கிலாந்துக் கல்விமுறை நம் மக்களையும் வந்து சேர்ந்தது. டார்ட்மவுத் கல்லூரியிலும் பிறகு ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் படித்த டானியல் பூர் ஐயர், அமெரிக்க மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்தார். 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரிக்கு அவரே முதல் தலைவர். அங்கே ஆங்கிலம், கணிதம், வானவியலோடு தமிழையும் கற்பித்தார்கள். அங்கும் பாடத்திட்டம் வரையறுக்கப்பட்டதே. ஆனால் அங்கே படித்த இருவரின் கதை நம் இன்றைய கேள்விக்கு மிக நெருக்கமானது.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். பல்கலைக்கழகம் பிறந்த கையோடு நடந்த தேர்வு அது. அதற்காக நான்கு ஆண்டு பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்திருக்க யாருக்கும் வழியே இல்லை. வேறோர் இடத்தில் முன்பே கற்ற கல்வியைத் தேர்வில் காட்டி, அவர்கள் பட்டம் பெற்றார்கள். ஏ.பி. என்ற பெயர் பிறக்க இன்னும் நூறு ஆண்டு இருந்தது. ஆனால் கற்றதை எங்கே கற்றாலும் அதற்கு மதிப்பு உண்டு என்ற எண்ணம் அதிலேயே இருக்கிறது. தாமோதரம்பிள்ளை பட்டத்தோடு நிற்கவில்லை. பின்னாளில் சட்டமும் படித்தார்; வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

சுதந்திரம் வந்தது

1869-இல் சார்லஸ் எலியட் என்ற வேதியியல் ஆசிரியர் தம் 35-ஆம் வயதில் ஹார்வர்டின் தலைவரானார். 1909 வரை, நாற்பது ஆண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கி, மாணவனே தன் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் நாட்டம் எதில் என்று தெரியும், நாட்டமுள்ள பாடத்தில்தான் உழைப்பும் வரும் என்று அவர் நம்பினார். 1890-களின் இறுதியில் ஹார்வர்டில் கட்டாயமாக மிஞ்சியது ஏறக்குறைய முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் மட்டுமே.

இதனால் நன்மை விளைந்தது. அறிவியலும் புதிய மொழிகளும் பொருளியலும் கல்லூரிக்குள் நுழைய இடம் கிடைத்தது. கூடவே ஒரு கேடும் வந்தது. 1903-இல் ஹார்வர்ட் ஆசிரியர் குழு ஒன்று ஆராய்ந்து பார்த்தபோது, மாணவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே படிக்கிறார்கள் என்று கண்டது. எது சுலபம், எந்த வகுப்பு எந்த நேரத்தில் என்று பார்த்துப் பாடம் எடுத்தவர்கள் அன்றும் இருந்தார்கள்!

எலியட்டுக்குப் பின் வந்த அபட் லாரன்ஸ் லோவெல் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார். ஒரு துறையில் ஆழமாகப் படிக்க வேண்டும்; மற்ற துறைகளிலும் பரவலாகச் சில பாடங்கள் எடுக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். இன்று உங்கள் கல்லூரியின் பக்கத்தில் 'மேஜர்' என்றும் 'ஜெனரல் எஜுகேஷன்' என்றும் இரண்டு பட்டியல் இருக்கிறதே, அது பெருமளவுக்கு அந்தச் சமரசத்தின் பிள்ளை. "டாக்டருக்குப் படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு?" என்று கேட்கும் அப்பாவுக்கு இதுதான் பதில்: முழுக் கட்டாயத்தையும் முழுச் சுதந்திரத்தையும் நடத்திப் பார்த்த பிறகு கண்டுபிடித்த நடுவழி அது.

கல்வியை எண்ணத் தொடங்கினார்கள்

'கிரெடிட்' என்ற கணக்கு வேறொரு வாசல் வழியாக வந்தது. 1905-இல் ஆண்ட்ரூ கார்னெகி, கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். எந்தக் கல்லூரிக்கு அந்தப் பணம்? கல்லூரி என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் படித்தால் ஒரு 'யூனிட்'; இத்தனை யூனிட் முடித்தவர்களைச் சேர்ப்பதுதான் கல்லூரி என்று கார்னெகி அறக்கட்டளை விதித்தது. கல்லூரிகளும் தங்கள் பாடங்களை வாராந்தர மணிக்கணக்கில் அளக்கத் தொடங்கின.

நம்மைப் போன்ற சபை மக்கள் அறிய வேண்டிய ஒரு செய்தியும் இதில் உண்டு. திருச்சபைகளின் கட்டுப்பாட்டிலிருந்த கல்லூரிகளுக்கு அந்த ஓய்வூதியம் கிடையாது என்பது நிபந்தனை. அதனால் சில கல்லூரிகள் தங்கள் சாசனத்தை மாற்றிச் சபைத் தொடர்பை விட்டுவிட்டன. ஓர் அளவுகோல் எவ்வளவு தூரம் ஒரு நிறுவனத்தை மாற்றும் என்பதற்கு இது சாட்சி.

இதன் பலனாகக் கல்வி எண்ணக்கூடியதாகவும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்லக்கூடியதாகவும் ஆயிற்று. இன்று பெரும்பாலான நான்காண்டுப் பட்டங்களுக்கு 120 கிரெடிட் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு உட்கார்ந்த நேரத்தைத்தான் அளந்தது. உள்ளே இறங்கியது எவ்வளவு என்பதை அல்ல.

ஏ.பி. பிறந்த விதம்

1951-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு கல்வி முன்னேற்றத்துக்கான நிதி ஒன்று அமைக்கப்பட்டது. அது பணம் கொடுத்த இரண்டு ஆய்வுகளிலிருந்து ஏ.பி. பிறந்தது. முதலாவதை ஆண்டோவர், எக்ஸெடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனும் சேர்ந்து செய்தன. அந்தப் பள்ளிகளிலிருந்து வந்த நல்ல மாணவர்களின் கல்லூரிப் பதிவேடுகளைப் பார்த்தபோது, பள்ளியில் படித்ததையே கல்லூரி முதலாண்டில் பலர் மறுபடி படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நேரம் வீணானது ஒரு பக்கம்; ஆர்வம் செத்துப்போனது இன்னொரு பக்கம்.

இரண்டாவது முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஒஹாயோவின் கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் சால்மர்ஸ். எபிஸ்கோபல் பேராயர் ஃபிலாண்டர் சேஸ் 1824-இல் நிறுவிய கல்லூரி அது. பன்னிரண்டு கல்லூரிகள் கூடி, பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் ஒரு பாடத்தைக் கற்பிக்க வேண்டுமானால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதின. சில பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 1954-இல் பள்ளி மாணவர்கள் எழுதிய தேர்வைக் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கும் கொடுத்து ஒப்பிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. பிறகு காலேஜ் போர்டு இதை ஏற்று நடத்தியது. 1956 மே மாதத் தேர்வில் 104 பள்ளிகளிலிருந்து 1,229 மாணவர்கள், 11 பாடங்களில் 2,199 தேர்வுகள் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாரும் வசதியான, தேர்ந்தெடுத்த பள்ளிகளின் பிள்ளைகள்.

அதற்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். 'அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்' என்றால் மாணவனை அவனுக்கு ஏற்ற மேல் படியில் உட்கார வைத்தல். சீக்கிரம் முடித்துவிட்டு வெளியேறு என்பது அந்தப் பெயரில் இல்லை. தெரிந்ததைத் திரும்பப் படிக்காதே, அந்த இடத்தில் தெரியாததைப் படி என்பதே அதன் நோக்கம்.

எல்லாருக்கும் திறந்த கதவு

இந்தக் கதவை ஏழைப் பிள்ளைகளுக்கும் திறக்கலாம் என்று நாட்டுக்குக் காட்டியவர்களில் ஒருவர் ஹைமே எஸ்கலான்டே. பொலிவியாவில் ஆசிரியராக இருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். அங்கே பெற்ற தகுதி இங்கே செல்லவில்லை. உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலம் கற்று, மறுபடி கல்லூரிப் படிப்பை முடித்து, கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்டு பள்ளியில் கணித ஆசிரியரானார். நம் பெற்றோரில் சிலருக்கு இந்த வரிகளைப் படிக்கையில் தங்கள் சொந்தக் கதை நினைவுக்கு வரும்.

1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏ.பி. கால்குலஸ் தேர்வில் தேறினார்கள். விடைகளில் ஒற்றுமை இருக்கிறது என்று தேர்வு நிறுவனம் அவர்களில் 14 பேர் மேல் சந்தேகப்பட்டது. 12 பேர் மறுபடி எழுதினார்கள். அத்தனை பேரும் தேறினார்கள். 1988-இல் இது திரைப்படமாகவும் வந்தது. வசதியான பள்ளிகளுக்கென்று பிறந்த ஏற்பாடு, பிறகு நாடெங்கும் சாதாரண அரசுப் பள்ளிகளுக்குப் பரவியது. இன்று பல மாநிலங்களில், 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தர வேண்டும் என்ற விதியே இருக்கிறது.

பரவப் பரவ நோக்கமும் மாறியது. கல்லூரிக் கட்டணம் ஏறியதால், கிரெடிட் என்பது பணத்தை மிச்சப்படுத்தும் வழி ஆனது. சேர்க்கைப் போட்டி கடுமையானதால், ஏ.பி. பாடங்களின் எண்ணிக்கை விண்ணப்பத்தில் காட்டும் பதக்கம் ஆனது. 'எந்தப் படியில் தொடங்குவது' என்ற பழைய கேள்வி பின்னால் போய்விட்டது. சில கல்லூரிகள் இதற்கு எதிராகவும் நின்றன. பூர் ஐயர் படித்த அதே டார்ட்மவுத், 2014-இல் சேர்ந்த மாணவர்கள் முதற்கொண்டு ஏ.பி.க்குப் பட்டத்துக்கான கிரெடிட் தருவதை நிறுத்தியது. மேல் படியில் சேர்வதற்கு மட்டும் அதைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டது. அந்த முடிவுக்கு முன் அங்குள்ள உளவியல் துறை, ஏ.பி.யில் 5 வாங்கியவர்களுக்குத் தன் அறிமுகப் பாடத்தின் தேர்வைச் சுருக்கிக் கொடுத்துப் பார்த்தது. பெரும்பாலோர் தேறவில்லை.

ஆகவே இந்த ஜூலையில்

நம் சபைப் பிள்ளைகளிலும் இரண்டு வகையையும் கண்டிருக்கிறோம். கையிலிருந்த கிரெடிட்டால் ஒரு செமஸ்டர் கட்டணம் மிச்சமாகி, வீட்டுக்குப் பெரிய உதவியாக இருந்தவர்கள் உண்டு. மதிப்பெண் இருக்கிறதே என்று நேரே மூன்றாம் செமஸ்டர் கணிதத்திலும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியிலும் உட்கார்ந்து, அக்டோபரில் தடுமாறி, வீட்டில் சொல்லப் பயந்து மறைத்தவர்களும் உண்டு. இரண்டாமவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்ல. தவறான படியில் உட்கார வைக்கப்பட்டவர்கள். அவர்களை மனதில் வைத்துச் சில காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, ஏ.பி. மதிப்பெண்ணால் மூன்று வெவ்வேறு காரியங்கள் நடக்கலாம். மேல் படிப் பாடத்தில் சேர அனுமதி கிடைக்கலாம். ஒரு கட்டாயப் பாடம் கழியலாம். அல்லது 120-இல் சும்மா சேரும் பொதுக் கிரெடிட்டாக மட்டும் நிற்கலாம். மூன்றும் ஒன்றல்ல. ஒவ்வொரு கல்லூரிக்கும், சில இடங்களில் ஒவ்வொரு துறைக்கும், விதி வேறு. உங்கள் கல்லூரியின் ஏ.பி. அட்டவணையை நீங்களே வாசியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். மதிப்பெண்களைக் காலேஜ் போர்டு வழியாக அதிகாரபூர்வமாக அனுப்பினால்தான் கல்லூரி ஏற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, மேஜருக்கு அடித்தளமான பாடத்தில் அவசரப்படாதீர்கள். தாண்டிப்போக நினைக்கும் பாடத்தின் சிலபஸையும், கிடைத்தால் பழைய இறுதித் தேர்வையும் வாங்கி, ஒரு மாலை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். கை ஓடினால் தைரியமாக மேல் படிக்குப் போங்கள். தெரிந்ததையே திரும்பப் படிப்பது வீண் என்று 1950-களிலேயே கண்டுகொண்டார்களே! கை ஓடாவிட்டால் கீழ்ப் படியில் தொடங்குவதில் வெட்கம் இல்லை. ஆனால் அதே பாடத்தை எடுத்தால் ஏ.பி. கிரெடிட்டை இழக்க நேரிடுமா என்று ஆலோசகரிடம் முன்னதாகக் கேளுங்கள். பல கல்லூரிகளில் அப்படித்தான். மருத்துவம் படிக்க எண்ணுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: உயிரியல், வேதியியல், இயற்பியலைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று சில மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. அங்கே ஏ.பி. மட்டும் போதாமல் போகலாம்.

மூன்றாவது, முதல் செமஸ்டரின் பளு. முழுநேர மாணவர் என்று எண்ணப்பட வழக்கமாக 12 கிரெடிட் வேண்டும். நான்கு ஆண்டில் 120 முடிக்க, செமஸ்டருக்கு 15. ஏ.பி. கிரெடிட் கையில் இருந்தால் அதன் மிகப் பெரிய பயன், முதல் செமஸ்டரில் 18-க்கு ஓடாமல் 13, 14 என்று நிதானமாகத் தொடங்க முடியும் என்பதே. வீட்டை விட்டுப் போய், தானே துணி துவைத்து, தானே தூங்கி எழுந்து பழகும் மாதங்கள் அவை. லோவெலின் நடுவழியையும் நினைவில் வையுங்கள்: மேஜருக்கு ஒன்றிரண்டு, எழுத்துப் பயிற்சிக்கு ஒன்று, இதுவரை தொட்டே பார்க்காத துறையில் ஒன்று.

நான்காவது, ஏ.பி. பட்டியலில் தமிழ் கிடையாது. ஆனாலும் தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இந்த நாட்டில் உண்டு: பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்றவை. அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தால், சனி ஞாயிறு தமிழ் வகுப்பில் கற்றதை நிலைத்தேர்வு எழுதிக் காட்டி, மொழிப் பாடத்தில் மேல் படியில் சேர முடியுமா என்று துறையில் விசாரியுங்கள். வட்டுக்கோட்டையில் தமிழும் பாடமாக இருந்தது என்று பார்த்தோமே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பணக் கஷ்டம் உண்மையானது. ஒரு செமஸ்டர் முந்தி முடித்தால் வரும் மிச்சம் சிறிதல்ல. அதைக் கணக்குப் பார்ப்பதில் குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள். ஒரு பாடத்தில் தோற்று அதை மறுபடி எடுத்தால், மிச்சம் பிடித்த கட்டணம் அங்கேயே போய்விடும். "எத்தனை கிரெடிட்?" என்பதற்கு முன்னால் "எந்தப் பாடம் உனக்கு உண்மையாகவே தெரியும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லப் பயப்படாத வீடாக இருந்தால், பிள்ளை உள்ளதைச் சொல்லும்.

ஆகஸ்டில் கல்லூரி போகும் எல்லாருக்கும் நம் சபையின் ஜெபம் உண்டு. பாடங்களைப் பதிவு செய்யும் முன் யாரிடமாவது கேட்டுப் பார்க்க விரும்பினால், நம் வாலிபர் கூட்டத்தில் இந்த வழியில் ஏற்கெனவே போய்வந்த அண்ணன்மாரும் அக்காமாரும் இருக்கிறார்கள். கல்லூரியின் அட்டவணையைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.